பகல்ல எரியுற லைட்டை அணைச்ச அம்மா

மூணாறுக்காரன்:

மூணாறு பக்கத்துல பள்ளிவாசல்னு ஒரு ஊர், அங்கே மலைச்சரிவுல மின் நிலையத்துக்குத் தண்ணி இறக்குற பெரிய குழாய்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1940ல ஓட ஆரம்பிச்ச நிலையம், கேரளாவோட முதல் நீர்மின் திட்டம். ஆனா கரண்ட்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது சித்தப்பாவோட தகரக் கொட்டகையிலதான்.

அவருக்கு மாங்குளம் பக்கம் ரெண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். அப்ப அங்கே போர்டு லைன், அதாவது மின்வாரியக் கரண்ட், வரல. தோட்டத்துக்கு மேலே விழுற ஓடையை ஒரு பிவிசி குழாயில இறக்கி, கீழே சின்ன டர்பைன் (தண்ணி தள்ளிச் சுத்துற சக்கரம்), பெல்ட்டு, ஒரு பழைய மோட்டார், அதுல ரெண்டு கெப்பாசிட்டர். அவ்வளவுதான் பவர் ஹவுஸ். மோட்டாரைத் தண்ணி சுத்துனா அதுவே கரண்ட் குடுக்கும்.

கணக்கு அவர் விரல்ல வச்சிருப்பார். நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் இறக்கம், ரெண்டையும் பெருக்கி அஞ்சால பெருக்கினா கைக்கு வர்ற வாட். பெருக்க வேண்டியது ஒம்பது புள்ளி எட்டுதான், பாதிய குழாயும் பெல்ட்டும் மோட்டாரும் தின்னுடும்பார். அவருக்கு 30 மீட்டர் இறக்கம், 6 லிட்டர். 900 வாட்.

ஒருநாள் போடியிலிருந்து அம்மா வந்தாங்க. மதியம் ஒரு மணி. வாசல்ல, மாட்டுக்கொட்டாய்ல, பாதையில நாலு நூறு வாட் பல்பு எரியுது. "ஏன்டா, காசு கொட்டியா கிடக்கு"ன்னு நாலையும் அணைச்சாங்க. உள்ளே டப், டப்னு ரெண்டு பல்பு வெடிச்சுது. டிவில இருந்து புகை. சித்தப்பா கொட்டகைக்கு ஓடி வால்வை மூடிட்டு வந்து, "மதினி, இங்கே லைட்டை அணைக்கக் கூடாது"ன்னு அழாத குறையாச் சொன்னார். தண்ணி அதே வேகத்துல வந்துக்கிட்டே இருக்கும்ல. இழுக்குற ஆள் குறைஞ்சா டர்பைன் பிச்சுக்கிட்டுச் சுத்தும், வோல்ட்டேஜ் ஏறிடும். அதனாலதான் அவங்க வீட்ல பகலும் ராத்திரியும் பல்பு எரியும். அம்மா கடைசிவரை நம்பல.

அப்புறம் ஒரு கன்ட்ரோலர் வாங்கினார். வீட்ல எடுக்காத கரண்டை அது ஹீட்டருக்குத் திருப்பி விட்டுடும். அந்தக் குளிர்ல 24 மணி நேரமும் ஒரு அண்டா வெந்நீர். சித்திக்கு டிவியை விட அதுதான் சந்தோஷம்.

இதுல யாரும் சொல்லாத வேலை ஒண்ணு இருக்கு. தண்ணி எடுக்குற இடத்துல இருக்குற கம்பி வலை. இடவப்பாதி மழையில, அதான் ஜூன்ல தொடங்குற தென்மேற்குப் பருவமழையில, இலை, சருகு, பாசி வந்து அப்பிக்கும். பல்பு மஞ்சளாகும், அப்புறம் சிவப்பு. ராத்திரி பதினொரு மணின்னாலும் யாராவது டார்ச்சோட மேலே போகணும். காலுக்கு உப்பும் புகையிலையும் தேய்ச்சுக்கிட்டுப் போவோம், அட்டைக்கு. ஒருதடவை வலை சுத்தமா இருந்தும் வெளிச்சம் வரல. டர்பைன் மேல தண்ணியைப் பீய்ச்சுற நாசிலைக் கழட்டினா உள்ளே ஒரு நண்டு, ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கிட்டு.

2018 ஆகஸ்ட் வெள்ளத்துல வலை, குழாய் எல்லாம் போச்சு. குழாயில ஒரு துண்டு கீழ்த்தோட்டத்து ஏலச்செடிக்குள்ளே கிடைச்சுது.

பாலக்காட்டுக்காரன்:

அண்ணே, எங்க மாவட்டப் பஞ்சாயத்தே மீன்வல்லம் அருவியில 3 மெகாவாட் நீர்மின் நிலையம் நடத்துது, 2014லிருந்து. அருவிக்குப் போறவங்க செல்ஃபி எடுத்துட்டு வந்துடுறாங்க, பவர் ஹவுஸை யாரும் திரும்பிப் பார்க்குறதில்ல. நான் போனது ஏப்ரல்ல. பாறைதான் தெரிஞ்சுது. அணை கட்டித் தேக்காத திட்டத்துக்கு மழைதான் முதலாளி. இந்தியாவுல 25 மெகாவாட் வரைக்கும் "சிறு நீர்மின்" கணக்குதான். சித்தப்பாவோட 900 வாட்டும் மீன்வல்லமும் ஒரே பேர்ல வர்றது எனக்குச் சிரிப்பா இருக்கு.

புனலூர்ப் பேரன்:

எங்கள் தாத்தா இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். மலையகத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தப் பக்கம் வந்து, புனலூர் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இலங்கையில் அவர் இருந்த தோட்டத்து பாக்டரியில் தேயிலைக் கொழுந்து அரைக்கும் உருளைகளை டர்பைன் நேராகவே சுழற்றுமாம். தண்டும் தோல்வாரும்தான், இடையில் கரண்டே கிடையாது. தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. பிறகு அரசாங்க லைன் வந்ததும் டர்பைனை அப்படியே போட்டுவிட்டார்கள், அதற்குள் குருவி கூடு கட்டியது என்பார். பெட்ரோலிய எண்ணெய் விலை ஏறிய பிறகு அங்கே அப்படிக் கிடந்த பழைய நிலையங்கள் பலவற்றைத் தூசு தட்டி ஓட்டினார்கள். தாத்தாவுக்குச் சொன்னபோது, "வாய்க்காலில் சருகு அள்ள யாரை வைத்திருக்கிறார்கள்?" என்றுதான் கேட்டார். அது அவருடைய வேலையாக இருந்தது.

மூணாறுக்காரன்:

தாத்தாவும் சித்தப்பாவும் சந்திச்சிருந்தா ராத்திரி பூரா பேசியிருப்பாங்க. இப்ப சித்தப்பா வீட்டுக்கும் போர்டு லைன் இருக்கு. ஆனா காத்துக்கு மரம் சாய்ஞ்சா மூணு நாள் வராது. அதனால போன வருஷம் புதுக் குழாய் இறக்கிட்டார். ஃபோன் பண்ணினா முதல்ல கேக்குறது, "மழை வருது, நீ எப்ப வர்ற, வலை அடைச்சிருக்கு".