நேர்ச் சிறப்பியல்பில் ஒருமைப்புள்ளிகளை நீக்குதல்: ஹிரோனாக்காவின் வழி எங்கே அடைபடுகிறது?

கேள்வி (திருகோணமலையிலிருந்து):
வணக்கம். உவர்மலையில் உயர்தர மாணவருக்கு இணைந்த கணிதம் கற்பிக்கிறேன். மாலை வகுப்புகள் முடிந்தபின் அட்சரகணிதக் கேத்திரகணிதம் படித்து வருகிறேன். கூர்முனைகள், வெட்டுப்புள்ளிகள் போன்ற ஒருமைப்புள்ளிகள் உள்ள உருவொன்றை, அதன் ஒப்பமான பகுதியைக் குலைக்காமல், எங்கும் ஒப்பமானதாக்கலாம் என்று சிறப்பியல்பு பூச்சியமான களங்களுக்கு (1ஐ எத்தனை முறை கூட்டினாலும் பூச்சியம் வராத, நான்கு அடிப்படைச் செயல்களும் இயலும் எண்தொகுதிகளுக்கு) ஹிரோனாக்கா 1964இல் எல்லாப் பரிமாணங்களிலும் நிறுவினார். சிறப்பியல்பு ஒரு முதன்மை எண்ணாகும்போது, அதாவது 1ஐ அத்தனை முறை கூட்டினால் பூச்சியமாகும்போது, அதே நிறுவல் ஏன் செல்லுபடியாவதில்லை? பெறுதிகள் பூச்சியமாகிவிடுவதுதான் காரணமா?

மறுமொழி 1:
அதைவிட எளிய இடத்திலிருந்து தொடங்கலாம். நீங்கள் நாள்தோறும் கற்பிக்கும் வர்க்கப் பூர்த்தியில் 2ஆல் வகுக்கிறீர்கள் அல்லவா? படி எதுவாயினும் இவ்வாறே அப்படியால் வகுத்து மாறியை நகர்த்தினால் இரண்டாம் உறுப்பு மறைகிறது; அந்தப் புதிய மாறி பூச்சியமாகும் மீமேற்பரப்பு (ஒரே சமன்பாட்டால் அமையும், பரிமாணம் ஒன்று குறைந்த உரு), மிக மோசமான புள்ளிகள் அனைத்தையும், ஊதிப் பிரித்த பின்னரும் (ஒரு புள்ளியின் இடத்தில் அதனூடு செல்லும் திசைகளை வைத்த பின்னரும்) அவற்றில் எஞ்சுபவற்றையும், தன்னுள் அடக்கிக்கொள்கிறது. பரிமாணத்தை ஒன்றால் குறைத்துத் தொகுத்தறிய இடமளிப்பது இதுவே. படி சிறப்பியல்பால் வகுபடுமாயின் அந்த வகுத்தலே இல்லை.

மறுமொழி 2:
வகுத்தல் இல்லாவிட்டாலும் வேறொரு மீமேற்பரப்பு கிடைக்கலாமே என்ற நம்பிக்கையையும் நரசிம்மன் 1983இல் தகர்த்தார். சிறப்பியல்பு 2இல் க² + சட³ + டத³ + ச⁷த = 0 என்பதை எடுங்கள். அதன் இரட்டைப் புள்ளிகள் (சமன்பாடும் அதன் பெறுதிகளும் ஒருங்கே பூச்சியமாகும் இடங்கள்) க = ம³², ச = ம⁷, ட = ம¹⁹, த = ம¹⁵ என்ற வளையியாகின்றன; நான்கு உறுப்புகளும் ம⁶⁴ ஆவதால் கூட்டுத்தொகை பூச்சியம். 7, 15, 19, 32 ஆகியவற்றுள் எதையும் மற்றவற்றைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பெற முடியாது. உற்பத்தியில் (ஆதிப்புள்ளியில்) ஒப்பமான மீமேற்பரப்பின் சமன்பாட்டில் முதற்படி உறுப்பொன்று இருக்கும்; வளையியில் அதை உயர்படி உறுப்புகளால் ஈடுசெய்ய அத்தகைய கூட்டல் தேவை. ஆகவே அங்கு ஒப்பமான எந்த மீமேற்பரப்பும் இவ்வளையியை அடக்காது. தாளில் நீங்களே சரிபார்க்கலாம்; பத்து நிமிடம் போதும்.

மறுமொழி 3:
வழி முற்றாக மூடவில்லை. அபயங்கர் 1956இல் மேற்பரப்புகளுக்கும், 1966இல் சிறப்பியல்பு 5ஐ விஞ்சும் முப்பரிமாணத்துக்கும் நிறுவினார். எஞ்சிய 2, 3, 5 ஆகியவற்றையும் கோசாரும் பில்டானும் 2008, 2009ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் முடித்தனர். டி யோங் 1996இல் எல்லாப் பரிமாணங்களுக்கும் தந்தது சற்றுத் தளர்ந்த விடை: ஒப்பமான உரு கிடைக்கும், ஆனால் அது மூல உருவைப் பல மடங்காக மூடக்கூடும். பல பயன்பாடுகளுக்கு அது போதும் என்றாலும், அதை நான் தீர்வு என்று சொல்ல மாட்டேன்.

கேட்டவர்:
நன்றி. 32 − 19 = 13, 32 − 15 = 17 என்று தொடங்கி எல்லாவற்றையும் சரிபார்த்தேன்; கூட்டிப் பெற முடியவில்லை. அடுத்து அதே வளையியை ஒருமுறை ஊதிப் பார்க்கப் போகிறேன்.