சிறுநீரக மாற்று அறுவைக்குப் பின் அம்மாவுக்கு வீட்டுப் பராமரிப்பு: மாத்திரை நேரம், காய்ச்சல், சொட்டு மருந்து

தென்காசி மகள்:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு (58 வயது) அப்பாவின் சிறுநீரகத்தைப் பொருத்தி இரண்டரை மாதங்கள் ஆகின்றன. உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்காமலிருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன் மூன்றையும் நானே எடுத்துக் கொடுக்கிறேன். சென்ற வாரம் டாக்ரோலிமஸ் அளவுக்கு இரத்தம் கொடுக்கச் சென்றபோது, காலை எட்டு மணி மாத்திரையைத் தவறவிடக் கூடாதென்று வீட்டிலேயே கொடுத்து, ஒன்பதரைக்கு ஆய்வகம் போய்ச் சேர்ந்தோம். அளவு மிக அதிகமாக வந்தது. மாத்திரையை எப்போது கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்ட பிறகே பிழை புரிந்தது. ஆனால் காரணம் இன்னும் தெளிவாக விளங்கவில்லை. நேற்றிரவு உடல் வெப்பம் 99.8 இருந்தது, வெறும் உடம்புச் சூடுதான் என்கிறார் அம்மா. தம்பியின் நான்கு மாதக் குழந்தையும் எங்களோடுதான் இருக்கிறது. போலியோ சொட்டு மருந்து கொடுக்கலாமா என்பதும் கவலையாக உள்ளது.

வார்டு செவிலியர்:
சகோதரி, இந்தத் தவறு பலரும் செய்வதுதான். டாக்ரோலிமஸைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறோம். அடுத்த வேளை மாத்திரைக்குச் சற்று முன்பு இரத்தத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் மருத்துவர் அளவை முடிவு செய்கிறார். மாத்திரை உள்ளே போய் ஒன்றரை மணி நேரத்தில் எடுத்த இரத்தம் ஏறக்குறைய உச்ச அளவையே காட்டும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்துவிட்டால், உடல் புதிய சிறுநீரகத்தை நிராகரிக்க வழி திறந்துவிடும். ஆகவே மாத்திரையைக் கையோடு எடுத்துச் சென்று, இரத்தம் கொடுத்த பிறகு அங்கேயே போடச் சொல்லுங்கள்.

99.8 பற்றி இன்றே உங்கள் மாற்று சிகிச்சைப் பிரிவுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள். பிரெட்னிசோலோன் காய்ச்சலை அடக்கிவைக்கும் என்பதால், கடுமையான தொற்று இருந்தும் வெப்பமானி பெரிதாக எதையும் காட்டாமல் போகலாம். 100.4 எட்டினாலோ, குளிர் நடுக்கம், சிறுநீர்க் கடுப்பு, மூச்சுத் திணறல் இவற்றுள் ஒன்று வந்தாலோ இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துக் காலை வரை பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம்.

சொட்டு மருந்தில் இருப்பது வலுக் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வரை வெளியேறும். எதிர்ப்புச் சக்தி குறைந்த அம்மாவுக்கு அது தொற்றலாம். வீட்டில் இப்படி ஒருவர் இருப்பதைக் குழந்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொன்னால், ஊசி வழிப் போலியோ மருந்துக்கு ஏற்பாடு செய்வார். அதற்காக மற்றத் தடுப்பூசிகளை நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ளவர்கள் தடுப்பூசி போட்டிருப்பது அம்மாவுக்கும் பாதுகாப்பு. குழந்தையின் துணி மாற்றும் வேலை மட்டும் அவருக்கு வேண்டாம்.

ஒன்பதாண்டு அனுபவஸ்தர்:
நானும் மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவன். இரண்டாம் ஆண்டில் இருமலுக்கு அருகிலிருந்த ஒரு மருத்துவர் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நான் மாற்று சிகிச்சை செய்துகொண்டவன் என்று சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. நான்கே நாளில் தேநீர்க் குவளையைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. டாக்ரோலிமஸ் அளவு ஏறிப்போய், சிறுநீரகத்தின் இயக்கத்தைக் காட்டும் கிரியாட்டினினும் உயர்ந்திருந்தது. பூஞ்சைத் தொற்றுக்கான ஃப்ளூகோனசோலும் இப்படித்தான் அளவை ஏற்றும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் நேர்மாறாக வெகுவாக இறக்கிவிடும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்துக்கே ஆகாது. டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும் என்பதால் பம்பளிமாஸ் பழத்தையும் அன்றோடு விட்டுவிட்டேன், அதுதான் இன்றும் வருத்தம். மருந்துக்கடையில் அதே மருந்து, வேறு கம்பெனி என்று கொடுத்தால் வாங்காதீர்கள். வேறு வழியில்லையெனில் மருத்துவரிடம் சொல்லி அளவை மறுபடி பார்க்க வேண்டும்.

தென்காசி மகள்:
இருவருக்கும் நன்றி. தொலைபேசியில் கேட்டதில், சிறுநீர்ப் பரிசோதனைக்கு இன்று மாலையே வரச் சொல்லிவிட்டார்கள். காய்ச்சலென்றால் நிலவேம்புக் குடிநீர் கொடு என்று அத்தை வற்புறுத்துகிறார், அதைக் கொடுக்கலாமா?

வார்டு செவிலியர்:
வேண்டாம். எந்த மூலிகையானாலும் உங்கள் சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். கசாயம் குடித்து இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டு, இரத்தத்தில் கிருமி பரவிய நிலையில் வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அத்தையிடம் மருத்துவர் வேண்டாமென்று சொல்லிவிட்டார் என்று சொல்லுங்கள். வீட்டில் வாக்குவாதம் மிச்சம். மாலை புறப்படும்போது மாத்திரைப் பெட்டியையும் வெப்பநிலை குறித்த தாளையும் எடுத்துச் செல்ல மறவாதீர்கள். இரவு எட்டு மணி மாத்திரை நேரத்தில் நீங்கள் அங்கேயே இருக்க நேரலாம்.