ஓடியாடி விளையாடினால் எழுத்து பதியுமா?

திண்ணை வாத்தியார்:

பேத்தி ஒன்றாம் வகுப்பு. ஜூனில் சேர்ந்தாள், இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எழுத்துப் பாட்டைக் கையையும் காலையும் ஆட்டி முழுசாகப் பாடுகிறாள். வட்டத்துக்குள் தாவுவது, பந்தைத் தூக்கிப் போட்டு எழுத்துச் சொல்வது எல்லாம் அத்துபடி. நேற்று கடைத்தெருவில் 'பால்' என்று எழுதிய பலகையைக் காட்டி, "அது என்ன எழுத்து, சொல்லு கண்ணு" என்றேன். பலகையைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அகரத்திலிருந்து பாட்டை ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

34 வருஷம் ஆரம்பப் பள்ளியில் இருந்தவன் நான். 2007-ல் செயல்வழிக் கற்றல், அதாவது பிள்ளை தானே அட்டை எடுத்துச் செய்து படிக்கிற முறை, தமிழ்நாடு முழுவதும் வந்தபோது ஏணிப்படியும் அட்டையுமாக நானும் பாய் விரித்து உட்கார்ந்து நடத்தியிருக்கிறேன். புதுசு என்றாலே எதிர்க்கிற ஆள் இல்லை. ஆனால் எழுத்து என்பது கையில் ஏற வேண்டியது. மணலில் விரல் தேயத் தேய எழுதி, வாய்விட்டுச் சொல்லி, அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக வந்தது. 1789-லிருந்து எழும்பூரில் ஆண் அனாதைப் பிள்ளைகள் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் இல்லத்திலும் அதைக் கொண்டுவந்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவே போட்டார். வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போன முறையை நாம் கைவிட்டுவிட்டு வகுப்பில் ஆட்டம் போடுகிறோம். விளையாட்டுக்கு மைதானம் இருக்கிறது, மாலை இருக்கிறது. காலை முதல் பாடவேளை எழுத்துக்குத்தான்.

ஈராசிரியர் பள்ளி:

வணக்கம் ஐயா. நான் இடைநிலை ஆசிரியை. எங்கள் பள்ளியில் இரண்டே பேர். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் மூன்றும் என்னிடம். மொத்தம் 24 பிள்ளைகள், ஒரே அறை.

உங்கள் பேத்தி விஷயத்தில் நீங்கள் வருத்தப்படுவது நியாயம்தான். ஆனால் அது விளையாட்டின் குற்றம் இல்லை, விளையாட்டைத் தேர்ந்தெடுத்ததில் வந்த குற்றம். நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: எழுத்தே தெரியாத பிள்ளை இந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியுமா? முடியும் என்றால் அது வெறும் ஆட்டம். வட்டத்துக்குள் தாவும்போது முன்னால் போகிறவனைப் பார்த்துத் தாவலாம், பாட்டில் கூட இருப்பவர்கள் வாயைப் பார்த்து வாயசைக்கலாம். எழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே வராது.

நான் 'கொம்பு, கால்' என்று ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளை கழுத்தில் 'க' அட்டை, நடுவில் அசையாமல் நிற்க வேண்டும். இன்னொருவர் ஒற்றைக்கொம்பு, இன்னொருவர் துணைக்கால். நான் 'கா' என்றால் கால் ஓடிப்போய் வலப்பக்கம் நிற்கணும், 'கெ' என்றால் கொம்பு இடப்பக்கம், 'கொ' என்றால் இரண்டு பேரும் ஓடணும். காதில் முதலில் விழுவது 'க்' சத்தம், கண்ணில் முதலில் படுவதோ கொம்பு. அந்த முரண்பாட்டில்தான் பாதிப் பிள்ளைகள் 'கொ'வைக் 'கெ', 'கா' என்று பிரித்துப் படித்துத் தடுமாறுகிறார்கள். சிலேட்டில் நூறு தடவை எழுதியும் போகாத அந்தத் தடுமாற்றம், கொம்பாக ஓடிய பிள்ளைக்கு இரண்டே நாளில் போனதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

திண்ணை வாத்தியார்:

நல்ல யோசனை, மறுக்கவில்லை. கணக்குப் போடுங்கள் டீச்சர். பாடவேளை 40 நிமிஷம். 24 பேர். ஒரு முறைக்கு மூன்று பேர் ஓடுகிறார்கள், மாற்றி நிறுத்தி அட்டை மாட்ட இரண்டு நிமிஷம். 20 முறைக்கு 60 இடம். ஒரு பிள்ளைக்கு இரண்டரைத் தடவை கிடைக்கும். மீதி நேரம் சுற்றி நின்று கத்துவான், இல்லை பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவான். அதே 40 நிமிஷத்தில் சிலேட்டுக் கொடுத்தால் ஒவ்வொருவனும் ஐம்பது தடவை எழுதியிருப்பான். நான் கேட்பது இதுதான்: யாருக்கு எத்தனை தடவை எழுத்து முகத்துக்கு நேரே வந்தது?

கயல்அம்மா:

உரையாடலில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் ஆசிரியை இல்லை, ஓசூரில் வேலை பார்க்கிற அம்மா. என் மகள் ஆங்கில வழி. பள்ளியில் எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஓசையைச் சொல்லிக் கொடுத்தார்கள், ஆறே மாதத்தில் சின்னச் சின்ன ஆங்கில வார்த்தைகளைத் தானே கூட்டிப் படிக்கிறாள். அதே விளையாட்டுகளைத் தமிழுக்கும் வீட்டில் செய்கிறேன். 'என் கண்ணுக்கு ஒன்று தெரியுது, அது ப-வில் தொடங்குது' மாதிரி. பிறகு படத்தை முதல் ஓசைப்படி டப்பாவில் போடுவது. தமிழ் ஆசிரியர்கள் ஏன் இதை முறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்? மணலா மைதானமா என்பதைவிட ஓசைதானே முதலில் வேண்டும்?

மொழியோசை:

கயல்அம்மா, ஓசை முதலில் வேண்டும், சரி. ஆனால் அந்த விளையாட்டை அப்படியே தூக்கி வந்தால் தமிழில் கால் இடறும். குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் தொழில், தினமும் பார்க்கிறேன்.

முதலாவது, 'எந்த எழுத்தில் தொடங்குது' என்கிற விளையாட்டு. தமிழ்ச் சொல்லின் முதலில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டும் வராது. டம்ளர், ரயில், லட்டு என்று வந்து சேர்ந்த சொற்களை வைத்து மூன்றைச் சமாளிக்கலாம். ண, ழ, ள, ற, ன ஐந்துக்கும் வழியே இல்லை. சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்குகிற ஆட்டத்திலும் இதே கதிதான். 'கண்ணாடி' என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் அடுத்தது 'டி'. 'பல்' என்றால் ஆட்டமே நின்றுவிடும்.

இரண்டாவது இன்னும் பெரிய சிக்கல், யாரும் பேசுவதில்லை. போன மாதம் ஐந்து வயதுப் பையனுக்கு இலைப் படத்தைக் கொடுத்தேன். 'எ' டப்பாவில் போட்டான். அவன் செய்தது சரி! அவன் வீட்டில் அது 'எல'. உரலை 'ஒ' டப்பாவில் போட்டான், அதுவும் 'ஒரல்'தானே. ஐந்து என்கிற எண்ணை 'அ'வில் போட்டான், 'அஞ்சு'. காது கூர்மையான பிள்ளைதான் இந்த விளையாட்டில் தோற்கும். பேச்சில் இ, உ இரண்டும் எப்போது எ, ஒ ஆகும் என்றால், அடுத்து ஒற்றை மெய்யோடு அகரமோ ஐகாரமோ வரும்போது: இடம், இலை, உடம்பு, உலக்கை. எனவே 'இ'க்கு இட்லி, இஞ்சி. 'உ'க்கு உப்பு, உண்டியல். இவை பேச்சிலும் மாறுவதில்லை. ஐந்து படம் மாற்றினால் போதும், ஆனால் சுவரில் ஒட்டுகிற அட்டைகளில் இன்றைக்கும் இலையும் உரலும்தான் இருக்கின்றன.

கயல்அம்மா:

எங்கள் வீட்டிலும் இலைக்கு இதே சண்டை நடந்தது. நான் அவளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், முதல் ஓசை வேண்டாம் என்றால் வேறு எதைச் செய்வது?

ஈராசிரியர் பள்ளி:

'எங்கே ஒளிஞ்சிருக்கு?' விளையாடுங்கள் மா. தரையில் மூன்று கட்டம்: முதல், நடு, கடைசி. 'ழ' எங்கே இருக்கு, பழம்? நடுவில் குதிக்கணும். தமிழ்? கடைசியில். 'ண' எங்கே, கண்? கடைசி. வண்டு? நடு. தொடங்காத எழுத்துக்கும் இதில் இடம் உண்டு.

வாத்தியார் ஐயா கணக்குக்கு வருகிறேன், அந்தக் கேள்வி என்னை இரண்டு நாளாக விடவில்லை. நீங்கள் சொன்னது சரி. ஒருவர் ஆட மற்றவர் பார்க்கிற ஆட்டத்தில் நேரம் வீண்தான். அதனால் கொம்பு ஆட்டத்தைப் பத்து நிமிஷத்துக்கு மேல் வைப்பதில்லை. மீதி நேரத்துக்கு 'தூக்கிக் காட்டு'. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஆளுக்கு ஆறு எழுத்து. ட, ப, ம, க, அப்புறம் ம், ட். நான் 'படம்' என்பேன், எல்லோரும் முன்னால் அடுக்கணும். 'பட்டம்' என்பேன், நடுவில் ட் வந்து நுழையணும். 24 பேர், 24 பதில், ஒரே சமயத்தில். யார் தப்பு என்று நின்ற இடத்திலிருந்தே தெரிந்துவிடும். இது ஆட்டமா, பாடமா? பிள்ளைகள் ஆட்டம் என்கிறார்கள்.

2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டம் வந்தபோது பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக்கொள்ளச் சொன்னார்கள். கொரோனாவில் பள்ளியையே பார்க்காமல் மூன்றாம் வகுப்புக்கு வந்து நின்ற பிள்ளைகளை நான் மறக்க மாட்டேன். எட்டு வயதுப் பையனை மணலில் உட்காரவைத்து 'அ' எழுதச் சொன்னால் அவன் கூசிப் போவான் ஐயா. அட்டை விளையாட்டில் அவன் அரும்பு என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. அந்த மரியாதைக்காகவே நான் விளையாட்டைக் கைவிட மாட்டேன்.

பருத்தித்துறை:

எங்கட பக்கத்தில முதல் இரண்டு தரத்துக்கும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை எண்டு மூண்டும் பாடத்திட்டத்திலேயே இருக்கு. சின்ன வகுப்பில விளையாட்டுக் கூட, போகப் போக எழுத்துவேலை கூடும். ஒண்டை விட்டு ஒண்டு இல்லை. ஆனா விஜயதசமிக்கு ஏடு தொடக்கேக்க அரிசியில 'அ' எழுதிற பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ. மடியில இருந்து, கையைப் பிடிச்சு எழுதிறதும் அதுக்கு விளையாட்டுத்தான். ஐயாவின்ர மணலும் அப்பிடித்தான் தொடங்கியிருக்கும் எண்டு நினைக்கிறன்.

திண்ணை வாத்தியார்:

எட்டு வயதுப் பையனைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அப்படிப்பட்டவர்களை நானும் கையாண்டிருக்கிறேன், எல்லோரையும் நல்லபடியாகக் கையாண்டேன் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். ட, ப, ம என்று உங்களுக்குத் தோதான வரிசையில் ஆரம்பிக்கிறீர்கள். க ங ச ஞ என்கிற வரிசை எங்கே போயிற்று? என் பேத்திக்கு அது சொல்லவே தெரியவில்லை.

ஈராசிரியர் பள்ளி:

ஐயா, 247 எழுத்தில் ங வரிசை உயிர்மெய் பன்னிரண்டு. ஙா, ஙி, ஙீ என்று ஒரு பிள்ளை தன் வாழ்நாளில் எங்கே படிக்கப்போகிறது? 'ங்' மட்டும் தெரிந்தால் போதும். வரிசைப்படி போனால் முதல் வாரத்தில் க-வுக்கு அடுத்ததே ங. சொல்லும் இல்லை, படமும் இல்லை. 'படம்' என்று நான்காம் நாளே படித்துவிட்டேன் என்கிற சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்காமலே போகும். அகராதி பார்க்கிற வயதில் வரிசையைப் படித்துக்கொள்ளலாம்.

திண்ணை வாத்தியார்:

அகராதிக்காகச் சொல்லவில்லை அம்மா. அந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். க ங, ச ஞ, ட ண, த ந, ப ம, கடைசியில் ற ன. ஒவ்வொரு வல்லினத்துக்கும் பக்கத்திலேயே அதன் மெல்லினம். நாக்கும் உதடும் தொடுகிற இடம் ஒன்று, மூக்கு வழியாக வந்தால் மெல்லினம். தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இதற்கு உண்டு. தங்கம், பஞ்சு, வண்டு, பந்து, கம்பு, கன்று. ஜோடி மாறாது. வரிசை தெரிந்த பிள்ளை 'பஞ்சு'வுக்கு எந்த மெல்லினம் என்று யாரையும் கேட்காது. மனப்பாடம் என்று நீங்கள் தள்ளுவதற்குள் இவ்வளவு இருக்கிறது.

ஈராசிரியர் பள்ளி:

ஐயா, பத்து வருஷமாகச் சொல்லிக் கொடுக்கிறேன், இந்தக் கண்ணோடு அந்த வரிசையைப் பார்த்ததில்லை. ஆசிரியர் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. நன்றி.

இதைக் கேட்டதும் எனக்கு ஓர் ஆட்டம்தான் தோன்றுகிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆறு பேர் கையில் ங், ஞ், ண், ந், ம், ன். எதிரே ஆறு பேர் கையில் க, ச, ட, த, ப, ற. நான் 'பஞ்சு' என்றதும் ஞ்-ம் ச-வும் ஓடிவந்து கை கோக்கணும். பன்னிரண்டு பேர் ஆடும்போது மற்ற பன்னிரண்டு பேரும் சிலேட்டில் அந்தச் சொல்லை எழுதணும், பிறகு மாற்று. சிலேட்டு உங்களுக்காக. திங்கள்கிழமை செய்கிறேன்.

மொழியோசை:

ஒரு சின்ன எச்சரிக்கை. முதல் ஐந்து ஜோடியில் ந்த தவிர மற்றவற்றைக் காதால் பிடித்துவிடலாம். 'ந்' எது, 'ன்' எது என்பதைக் காது சொல்லாது. நம்மில் பெரும்பாலோர் பேச்சில் இரண்டும் ஒரே ஓசை. ர, ற இரண்டும் அப்படியே. மதுரைப் பக்கம் போனால் ழ-வும் ள-வும் சேர்ந்துகொள்ளும். ஓசை விளையாட்டுக்கு இது எல்லை.

திண்ணை வாத்தியார்:

திங்கள் வரைக்கும் பொறுக்க முடியவில்லை. நேற்று மாலை காலண்டர் அட்டையை வெட்டிப் பன்னிரண்டு எழுத்தும் எழுதிப் பேத்தி முன்னால் போட்டேன். முதலில் என் முகத்தைப் பார்த்தாள். 'கம்பு' என்றேன், ம்-ஐத் தேடி எடுத்து ப-வுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாட்டுப் பாடவில்லை, எழுத்தைப் பார்த்தாள். அங்கு, பஞ்சு, வண்டு மூன்றும் சரி. 'பந்து' என்றதும் ன் எடுத்து த-வோடு சேர்த்துவிட்டு, ஜெயித்த மாதிரி என்னைப் பார்த்தாள். மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், மூன்று தடவையும் அதே ன். அவள் காதில் தப்பில்லை என்று மொழியோசை எழுதியது அப்போதுதான் உறைத்தது.

ஆக, இது எழுதித்தான் தீர வேண்டும் டீச்சர், ஓடி இல்லை. ஒரு முறம் மணல் சலித்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு 'பந்து', நாளைக்கு 'கன்று'. உங்கள் வகுப்பில் ந்-ம் ன்-ம் யார் யாரோடு கை கோத்தார்கள் என்று எழுதுங்கள், காத்திருப்பேன்.