நாட்சம்பளத்தில் அரசின் 200 ரூபாய்: நிவாரணமா, கம்பனிக்கு மானியமா?

கொட்டகலை மாணவன்:

சமூகப்பணி வகுப்பில் வறியோர் நிவாரணத்தின் வரலாற்றைப் படித்து வருகிறேன். 1601இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட எலிசபெத் காலத்து வறியோர் சட்டம் எங்கள் மலைகளுக்கு வெகு தொலைவில் இருப்பதாகவே எனக்குத் தோன்றியது. ஆனால் 1795ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் திகதி, இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரில் ஸ்பீனம்லாந்து என்னும் இடத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றி வாசித்தபோது அந்த எண்ணம் மாறிவிட்டது. தானிய விலை ஏறி விவசாயக் கூலிகள் பட்டினி கிடந்த வேளையில், அவர்களுடைய கூலியை நிர்ணயிப்பது பற்றிப் பேசுவதற்கென்றே நீதவான்கள் அங்கே கூடினார்கள். ஆனால் அவர்கள் கூலியில் கைவைக்கவில்லை. மாறாக, ரொட்டியின் விலையையும் குடும்பத்தின் தலைக்கணக்கையும் பார்த்து, கூலி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவையும் கோயிற்பற்றின் வறியோர் வரியிலிருந்து நிரப்பிக் கொடுப்பது என்று தீர்மானித்தார்கள். பெரிய ரொட்டி ஒன்று ஒரு ஷில்லிங் விற்றால் உழைப்பவருக்கு வாரம் 3 ஷில்லிங், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றரை ஷில்லிங் என்பது அவர்கள் வகுத்த அளவு.

இலங்கையின் 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,350 ரூபாயிலிருந்து 1,550 ரூபாயாக உயர்த்துவதாகவும், அதற்கு மேல் வருகை ஊக்குவிப்பாக நாளொன்றுக்கு 200 ரூபாயை அரசே வழங்குவதாகவும் அறிவிக்கப்பட்டது. இதுவும் ஸ்பீனம்லாந்து முறைதானா என்பதே என் கேள்வி.

நோர்வூட் பழைய தொழிற்சங்கக்காரர்:

அதே முறைதான், தம்பி. தனியார் கம்பனியின் மலையில் கொழுந்து பறிக்கிறவருக்குக் கம்பனி கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பங்கை, சீனிக்கும் பருப்புக்கும் வரி கட்டுகிற பொதுமக்கள் கொடுப்பதை நான் நிவாரணம் என்று ஏற்கமாட்டேன். ஆயிரம் ரூபாய் கோரிக்கை 2015இல் எழுந்தது. சம்பள நிர்ணய சபையின் வழியாக அது கைக்கு வந்தது 2021இல். அந்த ஆண்டுகளில் கொடுப்பனவுகள் என்ற பெயரில் எங்களுக்கு என்ன நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. 2016ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் 730 ரூபாய் என்று பேசப்பட்ட தொகையில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய் மட்டுமே. மீதி வருகைக்கு 60, உற்பத்திக்கு 140, விலைப்பங்குக்கு 30 என்று பிரிந்து நின்றது. அடிப்படைக்கு வெளியே நிற்கும் பணம் என்றைக்கும் நிச்சயமில்லாதது. இன்றைய அரசு கொடுப்பதை நாளைய அரசு நிறுத்தலாம், அப்போது கம்பனியிடம் போய் அந்த 200 ரூபாயைக் கேட்க எங்களுக்கு எந்த உரிமையும் இருக்காது.

பதுளை நலன்புரி உத்தியோகத்தர்:

ஐயாவின் அனுபவத்துக்கு மதிப்பளித்தே மறுக்கிறேன். ஸ்பீனம்லாந்தைப் பற்றி இன்று பலரும் அறிந்திருக்கும் கதை, அந்த நிவாரணத்தை ஒழிக்க விரும்பியவர்கள் எழுதி வைத்த கதை. உதவித்தொகை கொடுத்ததால் உழைப்பவர் சோம்பேறியானார், கூலியும் விழுந்தது என்று அரச ஆணைக்குழு ஒன்று அறிக்கை எழுதியது. அதன்மேல்தான் 1834ஆம் ஆண்டின் புதிய வறியோர் சட்டம் எழுந்தது. உடலில் வலுவுள்ளவருக்கு வீட்டில் வைத்து உதவக் கூடாது, உதவி வேண்டுமானால் வேலையில்லத்துக்குள், அதாவது வறியோரைத் தங்கவைத்து வேலை வாங்கும் விடுதிக்குள், வரவேண்டும், அங்குள்ள வாழ்வு வெளியே உள்ள ஆகக் கடைசிக் கூலியின் வாழ்வைவிடவும் தாழ்ந்ததாக இருக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்தார்கள். 1845இல் அண்டோவர் வேலையில்லத்தில், உரத்துக்காக எலும்பு இடிக்க விடப்பட்டவர்கள் பசி தாங்காமல் அந்த எலும்புகளையே கடித்துத் தின்றது விசாரணையில் வெளிவந்தது. பொருளியலாளர் மார்க் பிளாக் 1963இல் பழைய தரவுகளை மீண்டும் ஆராய்ந்து, உதவித்தொகை கூலியைக் கெடுக்கவில்லை, ஏற்கெனவே கெட்டிருந்த கூலிக்கு அது ஒரு பதிலாகவே வந்தது என்று காட்டினார். ஆகவே அந்தப் பழைய வாதத்தைக் கையில் எடுக்கும்போது, அது முதலில் யார்மேல் வீசப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் மண்ணிலும் ஒரு வறியோர் சட்டம் இருந்தது. 1939ஆம் ஆண்டின் அந்தக் கட்டளைச்சட்டம் கொழும்பு, கண்டி, காலி ஆகிய மூன்று மாநகர சபைகளின் எல்லையோடு நின்றுவிட்டது. தோட்டத்துக்குள் இருப்பவர் தோட்ட முகாமையாளரான துரையின் பொறுப்பு என்ற எண்ணமே அதற்கு முன்பும் பின்பும் ஆட்சி செய்தது. 1948இல் எங்கள் மக்களின் குடியுரிமையும் போனது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமும் 33ஆம் பிரிவினால் எங்கள் லயங்களுக்கு, அந்தத் தோட்ட வரிசை வீடுகளுக்கு, செலவு செய்ய முடியாதபடி சபைகளைக் கட்டி வைத்திருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல். நூறாண்டுக்கு மேலாகத் தோட்ட எல்லையில் நின்றுவிட்ட அரசின் பணம் நேரே ஒரு தொழிலாளியின் பெயருக்கு வரும்போது, அதை வேண்டாம் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. மாதக் கடைசியில் கடைக் கடனைக் கட்டிவிட்டு, பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்துக்கு அடுத்த மாதம் பார்ப்போம் என்று சொல்லும் தாய்மாரை நான் வாரந்தோறும் சந்திக்கிறேன். கூலிப் போராட்டம் முடியும்வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல என்னால் முடியாது.

நோர்வூட் பழைய தொழிற்சங்கக்காரர்:

அண்டோவர் செய்தியை நான் இதுவரை அறிந்திருக்கவில்லை, மகள். வாசித்துவிட்டுச் சிறிது நேரம் எழுத முடியாமல் இருந்தேன். உதவியினால் தொழிலாளி சோம்பேறியாவான் என்று நான் சொல்லவுமில்லை, சொல்லவும் மாட்டேன். விடியற்காலை வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்கு நிற்கும் பெண்ணைப் பார்த்தவர் எவரும் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது.

ஆனாலும் உங்கள் விடை என் கேள்வியைத் தொடவில்லை. அந்த நீதவான்கள் கூலியை நிர்ணயிக்கக் கூடியிருந்தும் அதைச் செய்யாமல் விட்டார்கள். அதே காலத்தில் சாமுவேல் விட்பிரெட் என்ற உறுப்பினர் குறைந்தபட்சக் கூலிக்கான சட்டமூலத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தார், அது தோற்கடிக்கப்பட்டது. அந்தச் சட்டமூலம் நிறைவேறியிருந்தால், 1834இல் உழைப்பவரைக் குற்றவாளியாக்கியவர்களுக்குப் பேச இடமே கிடைத்திருக்காது என்று நான் நினைக்கிறேன். 1601ஆம் ஆண்டுச் சட்டம்கூட முதியோரையும் இயலாதவரையும் ஒரு பக்கமும், உடல் வலுவுள்ளவரை மறு பக்கமும் வைத்துத்தான் பார்த்தது. முதியவருக்கும் நோயாளிக்கும் பிள்ளைக்கும் அரசு கொடுக்கட்டும். அந்த 200 ரூபாய்க்கு ஆகும் பணத்தைத் தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பராமரிக்கும் பிள்ளைமடுவங்களுக்கும், ஓய்வுபெற்று லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கும் முதியோருக்கும் கொடுத்தால் நான் கைகூப்பி வரவேற்பேன். வேலை செய்கிறவரின் கூலியை வேலை வாங்குகிறவர் கொடுக்க வேண்டும்.

லிந்துலை வாசகி:

ஒன்றை மட்டும் கேட்கிறேன். பெயர் பதிந்து வேலைக்குப் போகிறவரைப் பற்றியே இருவரும் பேசுகிறீர்கள். நாட்சம்பளமின்றி, பறித்த எடைக்குப் பணம் வாங்கும் கைக்காசுக்குக் கொழுந்து பறிக்கிறவர், துண்டு நிலத்தைப் பொறுப்பெடுத்துக் கிலோவுக்குப் பணம் வாங்குகிறவர், அரைநாள் கூலி மட்டும் பதியப்படும் அரைப்பேரோடு வீடு திரும்புகிறவர், இவர்களுக்கு வருகை ஊக்குவிப்பு எப்படிக் கணக்கிடப்படும்? எங்கள் லயத்தில் இன்று தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் பெயருள்ளவர்கள் குறைவு.

பதுளை நலன்புரி உத்தியோகத்தர்:

லிந்துலைச் சகோதரியின் கேள்வி என் வாதத்திலும் ஓட்டை போடுகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். வேலைக்கு வந்த நாளைக் கொண்டு அளக்கும் உதவி, வேலை கிடைக்காத நாளில் வராது. கம்பனி வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வேலை கொடுத்தால் அரசின் பணமும் மூன்று நாளோடு நின்றுவிடும். அந்த இடத்தில் அரசின் அஸ்வெசும உதவித்தொகை போன்ற குடும்ப நிவாரணமே தேவைப்படுகிறது, அதில் விடுபட்டவர்களின் மேன்முறையீட்டை எழுதிக் கொடுப்பதும் எங்களைப் போன்றவர்களின் வேலையாகிறது. ஆனால் ஐயா, 200 ரூபாயைப் பிள்ளைமடுவத்துக்கு மாற்றச் சொல்வதில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. கம்பனி நாளை 1,750 ரூபாயையும் தானே தருமென்று எழுத்தில் வரும்வரை, கிடைப்பதைத் தொழிலாளியின் கையிலிருந்து எடுக்கக் கூடாது.

நோர்வூட் பழைய தொழிற்சங்கக்காரர்:

எழுத்தில் வர வேண்டும் என்பதில் நாம் இருவரும் ஒன்றாகவே நிற்கிறோம், எது முதலில் என்பதில்தான் பிரிகிறோம். என்னிடம் 2013 முதலான சம்பளச் சீட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பெயர்களையும் இலக்கங்களையும் மறைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே இடுகிறேன். எந்தக் கொடுப்பனவு எந்த மாதத்தில் தோன்றி எந்த மாதத்தில் மறைந்தது என்பதை, வகுப்பில் படிக்கும் தம்பி வரிசைப்படுத்திப் பார்க்கட்டும்.