நான்காவது கியரில் கிளட்ச் வழுக்குகிறது, எந்த கிளட்ச் போடலாம்?

கேள்வி

வணக்கம். என்னுடையது இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், மேனுவல் கியர். கம்பெனியிலிருந்து வந்தபோது 280 நியூட்டன் மீட்டர் டார்க். பெரிய டர்போ மாட்டி டியூன் செய்த பிறகு டைனோவில் (டார்க் அளக்கும் இயந்திரம்) சக்கரத்தில் 380 காட்டுகிறது. இரண்டாவது கியரில் ஒன்றும் தெரியவில்லை. நான்காவதில் 3,000 ஆர்பிஎம்மில் முழுதாக மிதித்தால் முள் மட்டும் சர்ரென்று ஏறுகிறது, வண்டி வேகம் பிடிப்பதில்லை. கருகிய வாடை வேறு. "ஸ்டேஜ் 3 செராமிக் போடு" என்கிறான் நண்பன். தினமும் வேலைக்குப் போகிற வண்டி, எப்போதாவதுதான் டிராக். என்ன போடலாம்?

பதில் 1

முதலில் அந்த 'ஸ்டேஜ்' எண்ணை மறந்துவிடுங்கள். அதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு தயாரிப்பாளரின் 2 இன்னொருவருக்கு 3. எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும் என்று மட்டும் கேளுங்கள். ஹார்ஸ்பவர் கணக்கும் வேண்டாம். கிளட்சை வழுக்க வைப்பது டார்க்தான்.

இன்னொன்று, கிளட்ச் இருப்பது கியர் பாக்ஸுக்கு முன்னால். சக்கரத்தில் 380 என்றால், வழியில் 15% போகிறது என்று வைத்தாலும் எஞ்சினில் சுமார் 447. அதற்கு மேல் கால் பங்கு சேர்த்து 560 தாங்குவதாகப் பாருங்கள். அதற்காக 900 தாங்குவதை வாங்கிவிடாதீர்கள், டிராபிக்கில் கால்தான் அழும்.

பதில் 2

நான் செராமிக் பக் (துண்டு துண்டாக செராமிக் பதித்த பிளேட்) போட்டு ஒரு வருடம் ஓட்டினேன். பிடிப்பு அபாரம், சூட்டையும் தாங்கும். ஆனால் பாதிப் பிடிப்பு என்பதே கிடையாது: ஒன்று விடும், இல்லை கவ்வும். ரிவர்ஸில் மேடு ஏறினால் வண்டியே உதறும். கிளட்ச் பிளேட் உராயும் எஞ்சின் பக்கச் சக்கரமான பிளைவீலையும் சீக்கிரம் தின்றுவிடும். தினசரி ஓட்டத்துக்கு வேண்டவே வேண்டாம்.

பதில் 1

ஆமாம். இவருக்கு இரண்டே வழி. ஆர்கானிக் பிளேட்டோடு (கம்பெனி வண்டிகளில் வரும் சாதாரண உராய்பொருள்) அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட் (டிஸ்க்கை பிளைவீலோடு அழுத்திப் பிடிப்பது), அல்லது ட்வின் டிஸ்க். ஒரு டிஸ்க்கில் உராயும் முகம் 2, இரண்டு டிஸ்க்கில் 4. அதே அழுத்தம், அதே விட்டம், அதே உராய்பொருள் என்றால் தாங்கும் டார்க் இரட்டிப்பு; பெடலும் கனக்காது. ஆனால் விலை கூடும், சிலவற்றில் பெடலை மிதித்தால் கடகட சத்தமும் வரும். 560-க்கு நல்ல சிங்கிள் டிஸ்க்கே போதும். எதுவானாலும் நடுவில் ஸ்பிரிங் உள்ள பிளேட்டாக எடுங்கள்.

பதில் 3

வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி: எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா? பின் கிராங்க் சீல் (எஞ்சின் எண்ணெய் கிளட்ச் பக்கம் வராமல் தடுக்கும் வளையம்) ஒழுகினால் எந்த கிளட்சும் வழுக்கும். பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் சும்மா நகரும் தூரம்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேட்டவர்

இறக்கிப் பார்த்தாயிற்று. சீல் லேசாகக் கசிந்திருக்கிறது, பிளேட்டின் ஓரத்தில் எண்ணெய். பிளைவீலில் சூடேறிய நீலத் திட்டுகள் வேறு. பழைய டூயல் மாஸ் பிளைவீல் (நடுவில் ஸ்பிரிங் வைத்த இரண்டு பகுதிச் சக்கரம்) ஆட்டம் கண்டிருந்ததால் ஒரே துண்டான சிங்கிள் மாஸ் போட்டேன். கூடவே சீல், ரிலீஸ் பேரிங் (பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் பேரிங்), 550 தாங்கும் ஆர்கானிக் செட். பதில் 3 சொன்னவருக்கு நன்றி, இல்லாவிட்டால் புது பிளேட்டும் எண்ணெயில் ஊறியிருக்கும்!

பதில் 2

முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் நிதானமாக ஓட்டுங்கள், அடிக்கடி கியர் மாற்றி. நெடுஞ்சாலையில் ஒரே கியரில் போன தூரம் கணக்கில் சேராது. டர்போவின் முழு பூஸ்ட் (அழுத்தம்) அப்புறம்தான்.

கேட்டவர்

900 ஓடிவிட்டது. நேற்று நான்காவதில் முழுதாக மிதித்தேன், வழுக்கவே இல்லை. ஒரே ஒரு சந்தேகம்: நியூட்ரலில் நிற்கும்போது கலகலவென்று சத்தம், பெடலை மிதித்தால் நின்றுவிடுகிறது.

பதில் 1

அது கியர் பற்கள் ஒன்றோடொன்று தட்டும் சத்தமாகத்தான் இருக்கும். டூயல் மாஸ் பிளைவீல் அடக்கி வைத்திருந்த அதிர்வு, இப்போது நேரே பாக்ஸுக்குப் போகிறது. ஐடிலை (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) 50, 100 ஆர்பிஎம் ஏற்றிப் பாருங்கள், குறையும். பெடலை மிதிக்கும்போது சத்தம் *வந்தால்* சொல்லுங்கள், அப்போது ரிலீஸ் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.