டிஸ்னிலேண்டிலிருந்து பாரீஸுக்கு நள்ளிரவு வண்டி: இரண்டு முறை பணம் போயிருக்கிறது, உதவி தேவை

உறையூர்க்காரன் | மே 26, 2025, இரவு 7.40

வணக்கம். பதற்றத்தில் எழுதுகிறேன், முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை (28) அதிகாலை நான்கு மணிக்குச் சென்னையிலிருந்து பாரீஸுக்குப் புறப்படுகிறோம். நான், மனைவி, அக்கா, 71 வயது அம்மா, ஏழு வயது மகள், மூன்று வயது மகன். அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். கொஞ்ச தூரம் நடப்பார், படி ஏற முடியாது. மடக்கும் சக்கர நாற்காலி ஒன்றைக் கொண்டுபோகிறோம். தங்குவது கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகே. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கத்திலேயே இருப்பதால் அம்மாவுக்குச் சோறும் ரசமும் கிடைக்கும் என்றுதான் அந்த இடத்தைப் பிடித்தேன்.

29 வியாழக்கிழமை முழுவதும் டிஸ்னிலேண்ட். கோட்டையின் மேல் நடக்கும் இரவுக் காட்சியைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று மகள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது முடிந்து, கூட்டத்தோடு வெளியே வந்து, அம்மாவை அந்த நேரத்தில் ரயிலில் ஏற்றி இறக்குவது முடியாத காரியம். அதனால் திரும்பி வருவதற்கு மட்டும் ஒரு இணையதளத்தில் தனி வேன் பதிவு செய்தேன். 108 யூரோ.

முதல் முறை ஓ.டி.பி. போட்டதும் பக்கம் அப்படியே நின்றுவிட்டது. ஆனால் பணம் எடுக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. மின்னஞ்சல் எதுவும் வரவில்லை. அரை மணி நேரம் பொறுத்துவிட்டு மறுபடியும் முயன்றேன். இந்த முறை பதிவு உறுதியாகிவிட்டது, மின்னஞ்சலும் வந்தது. இப்போது கணக்கில் இரண்டு தொகை குறைந்திருக்கிறது. உறுதிச் சீட்டில் உள்ளது இதுதான்:

புறப்படும் இடம்: டிஸ்னிலேண்ட் ஹோட்டல். சேரும் இடம்: எங்கள் விடுதியின் முகவரி. நாள்: 29 மே 2025. நேரம்: 00.15. பயணிகள்: 6. புறப்படும் நேரத்துக்கு 24 மணி நேரம் முன்புவரை கட்டணமின்றி மாற்றலாம், ரத்து செய்யலாம்.

என் கேள்விகள் இரண்டு. ஒன்று, அந்த முதல் 108 யூரோ திரும்ப வருமா? இரண்டு, நாங்கள் டிஸ்னிலேண்ட் ஹோட்டலில் தங்கவில்லை. பட்டியலில் முதலில் வந்த பெயர் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அங்கே போய் நிற்கலாமா?

லாச்சப்பல் ஓட்டுநர் | மே 26, இரவு 8.25

தம்பி, பணத்தைப் பிறகு பார்க்கலாம். முதலில் தேதியைப் பாருங்கள்.

29 மே 00.15 என்றால் 28ஆம் தேதி புதன் இரவு முடிந்து வியாழன் பிறந்து பதினைந்து நிமிடம். நீங்கள் விமானத்தில் வந்து இறங்கிய களைப்பில் விடுதியில் தூங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. வாகனம் அன்றைக்கு டிஸ்னிலேண்ட் வாசலில் வந்து நிற்கும், ஆள் வரவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விடும், பணம் முழுவதும் போய்விடும். மறுநாள் இரவு பிள்ளைகளோடும் அம்மாவோடும் நீங்கள் வெளியே வரும்போது வாகனம் இராது. உங்களுக்கு வேண்டியது 30 மே, 00.15.

நான் யாழ்ப்பாணத்தான். ஒன்பது வருடமாக பாரீஸில் வாடகை வாகனம் ஓட்டுகிறேன். இதே தவறை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன். நம் ஊரில் இரவு பன்னிரண்டேகால் என்றால் அது இன்றைய இரவுதான், விடிந்தால்தான் மறுநாள். இங்கே கடிகாரம் நள்ளிரவில் பூஜ்யத்துக்குப் போகிறது, தேதியும் அப்போதே மாறிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டணமின்றி மாற்றும் 24 மணி நேரக் கெடு, நீங்கள் தவறாகப் போட்ட நேரத்திலிருந்துதான் பின்னோக்கிக் கணக்காகும். அதாவது பாரீஸ் நேரப்படி 28 மே 00.15. இப்போது இங்கே கோடைகால நேரம், இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. உங்களுக்கு அது 28 அதிகாலை 3.45. நீங்கள் விமானத்தில் ஏறி உட்கார்ந்து தொலைபேசியை அணைக்கும் நேரம். பாரீஸ் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். இன்றிரவே மாற்றுங்கள்.

ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் பதிய வேண்டாம். தேதியை மட்டும் மாற்றுங்கள். 29ஆம் தேதி இங்கே இயேசு விண்ணேற்ற நாள், அரசு விடுமுறை. வெள்ளியும் விடுப்பு எடுத்து நான்கு நாள் சேர்த்து ஊர் சுற்றுகிறவர்கள் மிகப் பலர். கையிலிருக்கும் வேனை விட்டால் அந்த இரவுக்கு இன்னொன்று கிடைப்பது கடினம்.

உறையூர்க்காரன் | மே 26, இரவு 8.41

அண்ணா, கை நடுங்குகிறது. பத்து முறை படித்த சீட்டு, ஒரு முறைகூட இது கண்ணில் படவில்லை. இதோ மாற்றுகிறேன்.

கும்பகோணம் வங்கி ஓய்வு | மே 26, இரவு 9.05

பணத்தைப் பற்றி நான் சொல்கிறேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் இருந்தவன்.

முதல் முயற்சியில் நடந்திருக்கக்கூடியது இதுதான். உங்கள் வங்கி 108 யூரோவுக்கான தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு சரி என்று பதில் அனுப்பியிருக்கிறது. அந்தப் பதில் வணிகரிடம் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் அவர்கள் பக்கத்தில் பதிவு முடியவில்லை. பிடித்து வைப்பது வேறு, வணிகர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது வேறு. குறுஞ்செய்தி முதல் கட்டத்திலேயே வந்துவிடும், அதனால் பணம் போய்விட்டதாகவே தோன்றும். வணிகர் கேட்காவிட்டால் சில நாட்களில் பிடி தளர்ந்து தொகை தானாகத் திரும்பும். கடன் அட்டையா, பற்று அட்டையா? வங்கிச் செயலியில் அந்த வரிக்கு அருகே நிலுவை என்று காட்டுகிறதா?

இதற்கிடையில் அவசரப்பட்டு இந்தப் பணப்பரிமாற்றம் என்னுடையதல்ல என்று புகார் கொடுத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே தொகை, ஒரே வணிகர். தவறானதைத் தடுத்தால் நல்ல பதிவும் சேர்ந்து ரத்தாகும், உங்கள் அட்டையையும் முடக்கிவிடுவார்கள். பயணத்துக்கு முதல் நாள் அட்டை முடங்குவதைப் போன்ற துன்பம் வேறில்லை.

வெளிநாட்டுப் பயன்பாட்டையும் பாருங்கள். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய அட்டைகளில் வெளிநாட்டுப் பரிமாற்றம் மூடியே வரும், நாமாகத்தான் திறக்க வேண்டும். இணையப் பரிமாற்றத்துக்குத் திறந்திருப்பீர்கள், அதனால்தான் இது நடந்தது. கடையில் அட்டையைத் தேய்ப்பதற்கும் ஏ.டி.எம்.முக்கும் தனித்தனிப் பொத்தான் இருக்கும். மூன்றையும் இன்றே பார்த்துவிடுங்கள். அங்கே இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாயைத் தேர்ந்தால் அவர்கள் வைத்த மாற்று விகிதம், பெரும்பாலும் நமக்கு நட்டம்.

உறையூர்க்காரன் | மே 26, இரவு 9.30

ஐயா, பற்று அட்டை. முதல் வரி நிலுவை என்றுதான் இருக்கிறது, இரண்டாவது அப்படியில்லை. புகார்ப் பொத்தான் வரை போய் நின்றிருந்தேன். நல்ல வேளை.

தேதியை மாற்றிவிட்டேன். புதிய சீட்டு வந்துவிட்டது: 30 மே 2025, 00.15. கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. புறப்படும் இடத்தை மட்டும் இன்னும் மாற்றவில்லை, எதைப் போடுவதென்று தெரியவில்லை.

கோவைக் குடும்பம் | மே 26, இரவு 9.48

108 யூரோ எதற்கு? போன மாதம்தான் போய் வந்தோம். ஆர்.இ.ஆர். ஏ என்ற புறநகர் ரயிலில் ஆளுக்கு 2.50 யூரோதான் கொடுத்தோம். இந்த 2025 ஜனவரியிலிருந்து பாரீஸ் வட்டாரம் முழுவதற்கும் ரயிலுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே கட்டணம், விமான நிலையத்துக்கு மட்டும்தான் தனி. உங்கள் மகனுக்கு நான்கு வயது ஆகவில்லை என்பதால் டிக்கெட்டே வேண்டாம். ஷெஸ்ஸி நிலையம் பூங்கா வாசலிலேயே இருக்கிறது, நகரின் நடுவிலிருந்து நாற்பது நிமிடம்தான்.

புதுவைப்பெண் | மே 26, இரவு 10.10

கோவைக்காரர் சொல்லும் கணக்கு சரி, காலையில் போவதற்கு அதுவே நல்லது. இரவுக்கு வேண்டாம். காட்சி முடிந்ததும் அத்தனை பேரும் ஒரே நிலையத்துக்குப் போவார்கள். உங்கள் விடுதிக்கு வர ஷத்லே-லே-ஆல் நிலையத்தில் இன்னொரு ரயில் மாற வேண்டும். நள்ளிரவில், தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சக்கர நாற்காலிக்கு லிஃப்ட் தேடி அலைய வேண்டியிருக்கும். அந்த 108 யூரோ வீண் செலவில்லை.

நான் புதுச்சேரியில் பிறந்தவள், ஷெஸ்ஸிக்கு ஒரு நிலையம் முன்னால் வால் தேரோப்பில் குடியிருக்கிறேன். உறவினர் வந்தால் டிஸ்னிக்கு அழைத்துப்போவது என் வேலை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

காலையில் ஷெஸ்ஸி என்று பலகையில் போட்டிருக்கும் வண்டியில் மட்டும் ஏறுங்கள். அந்தத் தடம் வேன்சேனில் இரண்டாகப் பிரிகிறது, மற்றது புவாஸி-சேன்-லெழே போய்விடும். அம்மாவையும் குழந்தைகளையும் உங்கள் மனைவியையும் விடுதியிலிருந்து டாக்சியில் கார் த லியோன் ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். நீங்களும் அக்காவும் கார் து நோரில் ஆர்.இ.ஆர். டி பிடித்து அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள். அங்கிருந்து எல்லோரும் ஒரே ரயில், இறங்குவது கடைசி நிலையம், தவறவிட வழியில்லை.

இரவுக்கு: டிஸ்னிலேண்ட் ஹோட்டல் என்பது பூங்கா வாசலின் மேலேயே கட்டப்பட்ட இளஞ்சிவப்பு மாளிகை. அங்கே தங்குபவர்களுக்கான வாயில் அது, அதை நம்பி நிற்க வேண்டாம். மார்ன்-லா-வலே ஷெஸ்ஸி ரயில் நிலையத்தை இடமாகப் போடுங்கள். எந்த ஓட்டுநருக்கும் தெரியும்.

வெளியே வரும் வழியையும் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டையிலிருந்து வாசல் வரை நேராக ஒரு கடைத்தெரு. காட்சி முடிந்ததும் அங்கே சக்கர நாற்காலியை நகர்த்த முடியாது. அதன் இரண்டு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் கூரையிட்ட நடைபாதைகள் இருக்கின்றன, லிபர்ட்டி ஆர்கேட், டிஸ்கவரி ஆர்கேட் என்று பெயர். பலருக்குத் தெரியாது. அதில் ஒன்றில் அம்மாவைக் கொண்டுவாருங்கள்.

லாச்சப்பல் ஓட்டுநர் | மே 26, இரவு 11.02

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஓட்டுநர் பக்கத்திலிருந்து இன்னும் சில.

பிள்ளைகளின் இருக்கையைப் பதிவில் கேட்டீர்களா? பிரான்ஸில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அதற்குரிய இருக்கை கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு. முன்பதிவில் வரும் எங்களுக்கு அந்த விலக்கு இல்லை. மூன்று வயதுக்கு முழு இருக்கை, ஏழு வயதுக்கு உயர்த்தும் இருக்கை என்று எழுதுங்கள். கேட்காமல் விட்டால் நல்ல ஓட்டுநர் ஏற்றத் தயங்குவார், நீங்கள் நடுவழியில் நிற்பீர்கள். சக்கர நாற்காலியையும் குறிப்பில் எழுதுங்கள், மடக்கக்கூடியது என்று சேர்த்து.

தொலைபேசி இலக்கத்தை +91 உடன் கொடுத்தீர்களா? வாட்ஸ்அப்பும் அதே இலக்கத்தில் அங்கே வேலை செய்ய வேண்டும்.

நள்ளிரவில் நிலைய வாசலில் சிலர் வந்து, பாரீஸா, வாருங்கள் என்று அழைப்பார்கள். போகாதீர்கள். முன்பதிவு இல்லாமல் தெருவில் ஆளேற்றும் உரிமை டாக்சிக்கு மட்டும்தான். எங்களைப் போன்றவர்களின் வாகனத்தில் முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் சிவப்பு ஒட்டு இருக்கும். சீட்டில் வரும் வாகன இலக்கத்தோடு ஒப்பிட்டுவிட்டு ஏறுங்கள். விமான நிலையத்திலிருந்து பாரீஸுக்கு டாக்சியில் போனால் கட்டணம் நிலையானது: ஷார்ல் த கோலிலிருந்து நதிக்கு வடகரைக்கு 56 யூரோ, தென்கரைக்கு 65. உங்கள் விடுதி வடகரை. டிஸ்னிலேண்டுக்கு அந்த நிலைக்கட்டணம் கிடையாது, மீட்டர்தான்.

கடைசியாக, குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன போட்டீர்கள்? ஓட்டுநர் தாளில் எழுதிப் பிடிப்பது அதைத்தான்.

உறையூர்க்காரன் | மே 26, இரவு 11.40

இருக்கை கேட்கவே இல்லை. இப்போது இரண்டையும் சேர்த்துவிட்டேன், 10 யூரோ கூடியது. இடத்தை ஷெஸ்ஸி நிலையம் என்று மாற்றியாகிவிட்டது. நாற்காலியும் குறிப்பில் ஏறிவிட்டது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக அப்பாவின் பெயர்தான் இருக்கிறது, அதையே போட்டிருக்கிறேன்.

லாச்சப்பல் ஓட்டுநர் | மே 26, இரவு 11.52

அப்படியானால் அன்றிரவு அப்பாவின் பெயரைத் தேடுங்கள். உங்கள் பெயரைத் தேடிக்கொண்டு வாகனத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். போய் வாருங்கள் தம்பி.

உறையூர்க்காரன் | ஜூன் 7, காலை 6.15

ஊர் திரும்பிவிட்டோம். உடனே எழுத முடியவில்லை, மன்னியுங்கள்.

வேன் 12.05க்கே வந்து நின்றது. பதினொன்றரைக்கே ஓட்டுநர் வாட்ஸ்அப்பில் வாகனத்தின் படத்தையும் தான் நிற்கும் இடத்தையும் அனுப்பிவிட்டார். புதுவை அக்கா சொன்ன லிபர்ட்டி ஆர்கேட் வழியாகத்தான் அம்மாவைக் கொண்டுவந்தேன், அந்தப் பக்கம் பாதி காலியாக இருந்தது. இருக்கைகள் இரண்டும் மாட்டியிருந்தன. நெடுஞ்சாலை ஏறும் முன்பே பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். விடுதி வாசலில் இறங்கியபோது ஒரு மணி.

நிலையத்துக்கு வெளியே ஓட்டுநர் ஒரு தாளில் அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வண்டி எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் இருந்த அம்மாதான் முதலில் கண்டது. அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. "பாரு, உங்கப்பாவைக் கூப்பிட வந்திருக்கார்" என்றார். ஏறும்போது அந்தத் தாளைக் கேட்டு வாங்கி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஐயா சொன்னபடியே முதல் 108 யூரோவும் ஜூன் 3 அன்று கணக்குக்குத் திரும்பிவிட்டது.