"40 நாள் ஜெபத்துல சரியாயிடும்" என்கிறார்கள்: கடலூர்க் குடும்பத்திடம் என்ன பேசுவது, சட்டம் எதுவரை துணை நிற்கும்?

கெடிலக்கரை (கேள்வி):

வணக்கம். கல்லூரி மாணவிகளுக்கு உதவும் சிறு குழுவின் சார்பில் கேட்கிறேன். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் தெரு, கல்லூரி, பங்கு (எந்தக் கோயில் வட்டாரம் என்பது) எதையும் எழுதவில்லை. பெண்ணுக்கு 21 வயது முடிந்துவிட்டது. தனக்குப் பெண்கள் மேல்தான் ஈர்ப்பு என்று வீட்டில் சொல்லிவிட்டாள். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். அம்மா மட்டும் சில வருடமாக ஊருக்கு வெளியே ஒரு ஜெப வீட்டுக்கும் போய்வருகிறார். அங்கே இருப்பவர் இதை "அசுத்த ஆவி" என்று சொல்லி, 40 நாள் அங்கேயே தங்கி உபவாச ஜெபம், போன் கூடாது, யாரும் பார்க்க வரக் கூடாது என்று நாள் குறித்துவிட்டார். உறவினர் ஒருவர் தர்காவுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார், இன்னொருவர் மனநல டாக்டரிடம் அட்மிட் பண்ணச் சொல்கிறார். எதுவும் பலிக்காவிட்டால் தை மாதம் கல்யாணம்.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். அம்மாவிடம் அவருடைய விசுவாசத்தின் மொழியிலேயே என்ன பேசலாம்? தங்க வைப்பதைச் சட்டப்படி தடுக்க முடியுமா? அவள் புதுச்சேரியில் தோழி வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும்?

தேவனாம்பட்டினம்:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜெபம் செய்வதை எந்தச் சட்டமும் தடுக்காது. அவள் விருப்பமில்லாமல் அடைத்து வைப்பதைத்தான் தடுக்கும். அதனால் "ஜெபமே கூடாது" என்று வீட்டாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், தோற்றுப்போவீர்கள். "வீட்டிலிருந்தே ஜெபியுங்கள், தங்க வைக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள்" என்று அந்த ஒரு கோட்டில் நில்லுங்கள்.

18 வயது முடிந்தவரை அவர் விருப்பத்துக்கு எதிராக ஓரிடத்தில் அடைத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய தண்டனைச் சட்டம்) பிரிவு 127. சும்மா அடைத்தாலே ஒரு வருடம் வரை சிறை. 3 நாள் அல்லது அதற்கு மேல் என்றால் 3 வருடம் வரை, 10 நாள் அல்லது அதற்கு மேல் என்றால் 5 வருடம் வரை. 40 நாள் என்று அவர்களே நாள் குறித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கை அப்பாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். மிரட்டலாகச் சொல்லாமல், "அங்கே ஏதாவது ஆனால் கொண்டுபோய் விட்ட நீங்களும் பதில் சொல்லணும்" என்ற தொனியில்.

அட்மிட் விஷயம். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 3ஐ அச்செடுத்து வையுங்கள். ஒருவரின் சமூகத்தில் நிலவும் ஒழுக்க நெறிக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று முடிவுகட்டக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. "மாத்தி விடுறேன்" என்று ஒரு டாக்டர் சிகிச்சை கொடுத்தால் அது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது. சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று தொடங்கிவைத்த உத்தரவுகளின் தொடர்ச்சி அது. ஆனால் அந்த அறிவிப்பு பதிவு பெற்ற டாக்டருக்கு மட்டுந்தான் பொருந்தும். ஜெப வீடு நடத்துபவர் மேல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்துப் பயனில்லை, அங்கே 127தான்.

இப்போதே, இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதே மனநலப் பராமரிப்புச் சட்டம் பிரிவு 14ன்படி, தனக்காகப் பேச ஒரு பிரதிநிதியை அவளே நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம்; வெள்ளைத்தாளில் பெயர், தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். நியமிக்காமல் விட்டால் பிரதிநிதி இடத்துக்கு உறவினர் வந்துவிடுவார், சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கும். நம்பகமான 18 வயதுக்கு மேற்பட்ட ஒருவர் பெயரை எழுதி, அவருடைய சம்மதக் கையெழுத்தையும் வாங்கி, போட்டோ எடுத்து இரண்டு பேரிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை:

அம்மாவிடம் பேசுவது பற்றி. மறைக்கல்வி நடத்துபவர்கள் இதில் வழக்கமாக ஒரு தவறு செய்வார்கள்: "திருச்சபை எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டது" என்று சொல்லிவிடுவார்கள். அம்மா அடுத்த நாளே யாரிடமாவது கேட்டுவிட்டு வந்து உங்களைப் பொய்யராக்கிவிடுவார். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கத்தோலிக்க மறைக்கல்வி நூலில் 2357ஆம் எண், தன்பாலினச் செயல்களைத் தவறு என்றே சொல்கிறது. அதற்கு அடுத்த 2358, அப்படிப்பட்டவர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாகுபாட்டின் சாயல்கூட இருக்கக் கூடாது என்கிறது. ஈர்ப்பு இருப்பதையே பாவம் என்று எங்கேயும் சொல்லவில்லை. அந்தப் பெண் சொன்னது ஈர்ப்பைப் பற்றி மட்டும். இரண்டு எண்களையும் ஒரே பக்கத்தில் அம்மாவே வாசிக்கட்டும்.

"அசுத்த ஆவி" என்பதற்குத் திருச்சபைச் சட்டம் 1172ஐ எடுங்கள். ஆயரின் (பிஷப்பின்) தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் யாரும் பேயோட்டக் கூடாது. அந்த அனுமதியும் ஒரு குருவுக்குத்தான் (பாதிரியாருக்குத்தான்) கொடுக்கப்படும். நம் பக்கம் என்றால் புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டப் பேராயர். ஆகவே அம்மாவிடம் கேட்க வேண்டிய கேள்வி எளிது: "பேராயரின் அனுமதி யாரிடம் இருக்கு?" அந்த ஜெப வீட்டில் இருக்காது, இருக்கவும் முடியாது. விசுவாசமுள்ள தாய்க்கு இந்த ஒரு கேள்வி சட்டப்பிரிவு பத்தைவிட ஆழமாகப் போகும்.

தன்பாலின இணையர்களை ஆசீர்வதிப்பது பற்றி 2023 டிசம்பர் 18ல் வாடிகன் வெளியிட்ட அறிக்கையை மட்டும் இப்போது எடுக்காதீர்கள். அது இணையர்களுக்கானது, பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு துணை இருக்கிறது என்ற பயத்தை அம்மா மனதில் நீங்களே விதைத்ததாகிவிடும்.

ஜெபத்தால் மாற்றுவதற்கென்றே அமெரிக்காவில் பல பத்தாண்டு நடந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ அமைப்பு, தான் ஏற்படுத்திய காயங்களுக்கு மன்னிப்புக் கேட்டு 2013 ஜூனில் மூடப்பட்டது. மூடியவர்கள் விசுவாசத்தை விட்டவர்கள் இல்லை, விசுவாசிகளே. இதை அம்மாவிடம் தாராளமாகச் சொல்லலாம்.

பங்குத்தந்தையிடம் போகலாமா என்றால், முதலில் பெண் இல்லாமல் நீங்கள் போய், பெயர் சொல்லாமல், பொதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒத்துவராவிட்டால் வேறு பங்கு, வேறு குரு. பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டால் பாடகர் குழுவிலிருந்து நிறுத்துவதில்தான் ஆரம்பிக்கும். அதற்கு எதிராக நீதிமன்றம் போக வழியில்லை. 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பாகுபாட்டுத் தடை திருநருக்கானது, தன்பாலீர்ப்பு உள்ளவர்களுக்கு அப்படி ஒரு சட்டம் இன்னும் இல்லை.

வடலூர் பக்கம்:

தர்கா பற்றிக் கேட்டிருந்தீர்கள். போய் ஃபாத்திஹா ஓதிவிட்டு மாலையில் திரும்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. அங்கேயே தங்க வைப்பது வேறு. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். தர்காவை நம்பி வந்தவர்களைத் தனியார் நடத்திய காப்பகத்தில் கட்டிவைத்திருந்தார்கள். மனநலச் சட்டம் பிரிவு 95 இன்று எந்த வடிவிலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. தங்க வைக்கும் இடம் எந்த மதத்துடையதானாலும் மூன்றைப் பாருங்கள்: ராத்திரி கதவு எந்தப் பக்கம் பூட்டப்படுகிறது, சாவி யாரிடம், போன் யாரிடம்.

இந்து உறவினர்களிடம் பேசும்போது பலரும் கூவாகத்தைக் காட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கூத்தாண்டவருக்குத் தாலி கட்டி மறுநாள் அறுப்பது திருநங்கைகளின் சடங்கு. கூவாகத்தில் மட்டுமல்ல, புதுச்சேரி பிள்ளையார்குப்பத்திலும் பரங்கிப்பேட்டை பக்கம் கொத்தட்டையிலும் கூத்தாண்டவர் கோயில் உண்டு. பெண்ணை விரும்பும் பெண்ணுக்கு அதில் இடம் கிடையாது. சித்திரையில் கையெடுத்துக் கும்பிட்டவர்களே வைகாசியில் வாடகைக்கு வீடு தர மறுப்பதையும் சேர்த்துத்தான் அந்த மரியாதையை எடைபோட வேண்டும். திருநங்கை வேறு, தன்பாலீர்ப்பு வேறு என்பதே பல வீடுகளில் தெரியாது, "அவளுக்கு ஆணாக மாறணுமா?" என்று அப்பா கேட்டால் அதற்குத் தெளிவாக "இல்லை" சொல்ல வேண்டும்.

கடலூர் மாவட்டத்திலேயே வேறு ஒரு வாசல் இருக்கிறது. வடலூர் சத்திய ஞான சபைக்குள் போக ஒரே நிபந்தனை, கொலை புலை (உயிர்க்கொலையும் புலால் உண்பதும்) தவிர்த்தவராக இருக்க வேண்டும் என்பது. 1867ல் வள்ளலார் தொடங்கிய தருமசாலையில் பசி ஒன்றுதான் தகுதி. சாமி கும்பிடாமல் இருக்க முடியாத, ஆனால் கோயில் வாசலிலும் தேவாலயப் பெஞ்சிலும் குன்றிப்போகிற பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

உப்பளம்:

புதுச்சேரிக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வருகிறேன். வீட்டார் "காணவில்லை" என்று கடலூரில் புகார் கொடுப்பார்கள். அது நிச்சயம். 21 வயதுப் பெண் தானே போனால் அது கடத்தல் ஆகாது. மேலே சொன்ன 2021 உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, காணாமல் போன புகாரில் சம்பந்தப்பட்டவர்கள் சம்மதத்துடன் இருக்கும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும்.

ஒரு நுணுக்கம். இரண்டு ஊருக்கும் உயர்நீதிமன்றம் ஒன்றுதான், சென்னை. ஆனால் தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோரைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022ல் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்த 24-சி தமிழ்நாட்டுக் காவலர்களுக்கு மட்டுமே. கடலூரிலிருந்து தேடி வருபவரிடம் அந்த விதியைக் காட்டலாம். புதுச்சேரிக் காவலரிடம் உயர்நீதிமன்ற உத்தரவைத்தான் காட்ட வேண்டும். இரண்டையும் அச்செடுத்து வையுங்கள்.

கிளம்புவதற்கு முன்: ஆதார், மதிப்பெண் சான்றிதழ்கள் அசல். அசல் எடுக்க முடியாவிட்டால் டிஜிலாக்கரிலாவது ஏற்றிவிடட்டும். சிம் அப்பா பெயரில் இருந்தால் அவர் ஒரே நாளில் அதை முடக்கி வாங்கிவிடுவார், ஆதார் ஓடிபி, வங்கி ஓடிபி எல்லாம் அவருக்குப் போகும். அவள் பெயரில் சிம் வாங்கி ஆதாரிலும் வங்கியிலும் மாற்றிய பிறகே கிளம்பட்டும். நகை ஒரு குன்றிமணிகூட எடுக்கக் கூடாது, கழுத்துச் செயினைக்கூடக் கழற்றி அலமாரியில் வைத்துப் போட்டோ எடுக்கட்டும். கடத்தல் வழக்கு நிற்காது என்று தெரிந்ததும் அடுத்து வருவது திருட்டுப் புகார்தான்.

போன அன்றே, "என் விருப்பத்தின் பேரில் வந்தேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நலமாக இருக்கிறேன்" என்று தேதியிட்டுக் கைப்பட எழுதி, கடலூர் எஸ்.பி.க்கும் தங்கும் பகுதிக் காவல் நிலையத்துக்கும் ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையோடு அனுப்ப வேண்டும். தோழியின் முகவரியை எழுதாமல் வழக்கறிஞர் முகவரியைக் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ 15100லோ கேளுங்கள். சாட்சியாக விசாரிக்கும் பெண்ணை அவர் தங்குமிடத்தைத் தவிர வேறெங்கும் வரச் சொல்லக் கூடாது என்று பிஎன்எஸ்எஸ் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 179 சொல்கிறது. "ஸ்டேஷனுக்கு வந்து ஒரு கையெழுத்து" என்று கூப்பிட்டு, அங்கே மாமா சித்தப்பா பத்துப் பேரை நிறுத்தி வைத்திருப்பது நடக்கிற விஷயம். தனியாகப் போகவே கூடாது.

அதற்குள் ஜெப வீட்டில் அடைத்துவிட்டால், சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. இப்படிப்பட்ட மனுக்களில் நீதிபதி அந்த நபரிடம் தனியாகப் பேச வேண்டும், ஈர்ப்பை மாற்றும் கவுன்சலிங்குக்கு அனுப்பக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2024 மார்ச் 11 அன்று வழிகாட்டியிருக்கிறது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றமே, வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை அவள் துணையோடு போகலாம் என்று விடுவித்தது. தானே தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்று அதில் ஏற்றுக்கொண்டது.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பிரிவு 14 தாள் இன்றிரவே எழுதிவிடுவாள். கடைசியாக ஒன்று: தை கல்யாணம் பங்குக் கோயிலில்தான் என்கிறார்கள். அதை நிறுத்த உள்ளேயே வழி உண்டா?

முத்தியால்பேட்டை:

உண்டு. ஓலை (தேவாலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுதும் நாளில் மணமகளைத் தனியாக உட்கார வைத்து, "உன் முழுச் சம்மதத்தோடுதானா? யாராவது கட்டாயப்படுத்துகிறார்களா?" என்று குரு கேட்பார். அம்மா அப்பா வெளியே இருப்பார்கள். அங்கே அவள் "சம்மதமில்லை" என்று சொன்னால் போதும், காரணம் சொல்லத் தேவையில்லை, ஈர்ப்பைப் பற்றி வாயே திறக்க வேண்டாம். கட்டாயத்தாலோ பயத்தாலோ நடக்கும் திருமணம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம் 1103. பெற்றோரையும் கூடவே உட்கார வைத்தால், "ஃபாதர், தனியாகப் பேசணும்" என்று கேட்கட்டும். அதையும் தவறவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓலை வாசிப்பார்கள். தடை தெரிந்தவர் யாரும் பங்குத்தந்தையிடம் சொல்லலாம், சொல்ல வேண்டும் என்று 1069 கடமையாக்குகிறது. தோழியே எழுதிக் கொடுக்கலாம். மூன்றாம் ஓலைக்குக் காத்திருக்காமல் முதல் வாரமே கொடுத்துவிடுங்கள், அதற்குள் பத்திரிகை அடித்துவிட்டால் வீட்டாருக்குப் பின்வாங்க மனம் வராது.